பதினாலாவது மீட்டர்

ஆராய்ச்சிக்கூடம்
ஜனவரி 12

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து வாய் கூடியிருக்கிறது. உன் முழங்கால் எப்படி? போன தடவை அனுப்பிய மெத்தைகளை வேலைக்குப் போகும்போது கட்டிக்கொள்கிறாயா, இல்லை தலைக்கு வைத்துத் தூங்குகிறாயா? முப்பத்தெட்டு வயதுக்காரியைக் குட்டி என்று கூப்பிடாதே என்று கோபித்துக்கொண்டு எழுதியிருந்தாய். சரி, உனக்கு ஐம்பது வந்ததும் நிறுத்திக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாற்பதுக்கு நாற்பது! மணல் தொட்டியில் நாற்பது போலிக் கண்ணிவெடிகளைப் புதைத்தோம். எல்லாம் பிளாஸ்டிக், உள்ளே அரிசி மணி அளவுக்குத்தான் உலோகம். உன் கைக் கருவி அவற்றைக் கண்டுபிடிப்பதற்குள் நூறு ஆணிக்கும் தகர மூடிக்கும் சேர்த்துக் கத்தியிருக்கும். எங்கள் ரேடார் வண்டி ஒன்றைக்கூட விடவில்லை. ஒன்பது வருஷ உழைப்பு, குட்டி. இயக்குநர் ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக என் அறைக்கு வந்து கதவைத் தட்டினார். எப்போதும் தட்டாமல்தான் வருவார்.

இந்த நாற்பதில் என் இடுப்பு போய்விட்டது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் எல்லாவற்றையும் தோண்டியெடுத்து வேறு இடத்தில் நானே புதைப்பேன். பழைய இடத்திலேயே விட்டால் இயந்திரம் இடத்தை மனப்பாடம் செய்துவிடும். காலையில் புதைத்து, மேலே பலகையால் இழுத்து மட்டம் செய்துவிட்டால், மத்தியானம் சோதனைக்கு வரும்போது என் கண்ணுக்கே எது எங்கே என்று தெரியாது. கையில் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவ்வளவு கவனம்.

இதைவிடப் பெரிய செய்தி, வண்டி உங்கள் முகாமுக்குத்தான் முதலில் வருகிறது. மூன்று மாதம் வெள்ளோட்டம். அது சுத்தம் என்று சொன்ன நிலத்தை மனிதர் மறுபடி பார்க்கத் தேவையில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்டது. இனி நீ மண்டி போட வேண்டாம். அதற்காகத்தான் இவ்வளவும் என்று உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முகக்கண்ணாடியைக் கழற்றாதே.

உன் அக்கா

*

முகாம்
பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் மெத்தை வந்த பிறகு அதற்குக் கொஞ்சம் கர்வம் வந்திருக்கிறது. அப்பாவுக்குப் படித்துக் காட்டத் தனித்தாள் வைத்திருக்கிறேன். அதில் நான் வழக்கம்போல முகாமின் ஸ்டோரில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறேன். தாள்களை மாற்றிப் படித்துவிடாதே.

உன் வண்டி வந்து சேர்ந்தது. நாங்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஏன் என்று கேள். வரும்போதே நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். வெயிலில் நிற்காது, கூடாரத்தின் நிழல் வேண்டும். எங்கள் விளக்குக்கு இல்லாத கரண்ட் அதன் பேட்டரிக்கு உண்டு. தூசி பட்டால் முகம் சுளிக்கும். பத்து நாளாக ஒரு வேலையும் செய்யவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. வேறென்ன பெயர் வைப்பது?

வேலை செய்யவில்லை என்றா சொன்னேன்? தப்பு. கத்துகிறது. எலி வளை எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் கத்துகிறது. அது கத்திய முப்பத்தொரு இடத்தையும் நானும் தையல்காரியும் தோண்டிப் பார்த்தோம். தையல்காரியைத் தெரியும்தானே, என் ஜோடி, முன்பு துணி தைத்தவள். விரல் நுனியில் ஊசி பழகியவள், கம்பியால் மண்ணைக் குத்தும்போது அவள் கை நடுங்காது. முப்பத்தொன்றிலும் ஒன்றும் இல்லை. காலையில் கருவிகளைச் சரிபார்க்கும் இடத்தில் முகாம் நாய் ஒரு எலும்பைப் புதைத்து வைத்திருந்தது. மாப்பிள்ளை அதற்குப் போட்ட கூச்சலில் மேற்பார்வையாளர் டீயைக் கொட்டிக்கொண்டார். நாய் எலும்பை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் வெறும் குழிக்கும் அதே கூச்சல்.

சிரிக்கிறேனே தவிர எனக்கு மண்டை காய்கிறது, அக்கா. நாங்கள் சுத்தம் செய்யும் இந்தச் சரிவு நிலத்துக்காக நாற்பத்திரண்டு குடும்பங்கள் சாலைக்கு அந்தப் பக்கம் கூடாரத்தில் கிடக்கின்றன. இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ புதைத்துவிட்டுப் போனதற்கு இவர்கள் காத்திருக்கிறார்கள். செங்கல்காரம்மா என்று ஒருத்தி தினமும் கயிற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "இன்னைக்கு எவ்வளவு ஆச்சும்மா?" என்று கேட்பாள். நாங்கள் கையால் ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து சதுர மீட்டர் முடிப்போம். இந்தப் பத்து நாளில் அவளுக்கு நான் சொன்ன பதில், "மாப்பிள்ளைய கேளுங்க."

கொஞ்சம் பார்த்துச் சரி செய். அப்பாவை மாத்திரையை ஒளித்து வைக்க வேண்டாம் என்று சொல்.

தங்கை

*

ஆராய்ச்சிக்கூடம்
பிப்ரவரி 24

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதமும் வண்டியின் பதிவுகள் இருக்கும் மெமரி கார்டும் தண்ணீர் வண்டிக்காரர் புண்ணியத்தில் வந்து சேர்ந்தன. இங்கே சுகம். அப்பா மாத்திரையை ஒளித்து வைப்பதில்லை, பூந்தொட்டிக்குப் போடுகிறார். செடி நன்றாக இருக்கிறது.

மாப்பிள்ளையாம்! என் ஆட்களிடம் படித்துக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிந்தது. ஒரு இயந்திரம் தேவையில்லாமல் நூறு தடவை கத்தலாம், ஒரு தடவை வாயை மூடினால்தான் ஆபத்து. உனக்குத் தெரியாததா? உன் கைக் கருவி ஆணிக்குக் கத்தினால் அது பழக்கம், என்னுடையது எலி வளைக்குக் கத்தினால் கேலி.

இயக்குநர் வேறு கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார். மே மாதம் விழா வைக்கிறாராம். பெரிய மனிதர்கள் வரும்போது வண்டி எலிக்கெல்லாம் கத்தினால் மூக்கு உடையும், கூச்சலைக் குறை என்கிறார். குறைத்திருக்கிறேன். லேசான சந்தேகத்துக்கெல்லாம் கத்தாமல், நிச்சயம் என்றால் மட்டும் கத்தும். புது ப்ரோகிராமை இந்தக் கார்டில் வைத்திருக்கிறேன், ஆபரேட்டரிடம் கொடு. இங்கே இருக்கும் இன்னொரு வண்டியில் ஓட்டிப் பார்த்தேன், மணல் தொட்டியில் இதற்கும் நாற்பதுக்கு நாற்பதுதான்.

ஒன்று சொன்னால் கோபிக்காதே. என்னைக் காலேஜுக்கு அனுப்பிய வருஷம் உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அது என் முடிவு இல்லை. நான் செய்யும் எதைப் பற்றி நீ எழுதினாலும் அதில் அந்த வருஷம் ஒட்டிக்கொண்டு வருகிறது. எனக்கு அலுத்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு. மெத்தையைக் கட்டு.

அக்கா

*

முகாம்
மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அப்பா, நீ, பூந்தொட்டி எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

அந்த வருஷத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை, நீதான் எழுதினாய். விட்டுவிடுவோம்.

உன் புது ப்ரோகிராம் வேலை செய்கிறது. மாப்பிள்ளை அடங்கிவிட்டார். கயிறு கட்டிப் பிரித்த நிலத்தில் மூன்றாம் தடம் முழுவதும் ஓடி ஒரு சத்தம் போடவில்லை. கையால் செய்திருந்தால் எங்களுக்கு ஐந்து வாரம். அவர் இரண்டு நாளில் முடித்துச் சுத்தம் என்று சீட்டுக் கொடுத்துவிட்டார். மேற்பார்வையாளருக்குத் தலைகால் புரியவில்லை. எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தையல்காரியும் போய்விட்டாள். இருப்பவர்களுக்குக் கல்லுக்குச் சாயம் அடிக்கும் வேலை. எல்லைக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடித்தால்தான் நிலத்தை மக்களிடம் கொடுக்கலாம், அதுதான் சட்டம். இப்போது வெள்ளைச் சாயம் தீர்ந்துவிட்டது. அதனால் கொஞ்சம் தாமதம்.

வண்டி முடித்த தடத்துக்குள் மனிதர் யாரும் கால் வைக்கக் கூடாது என்று உங்கள் ஆட்கள் பலகை வைத்திருக்கிறார்கள். வெள்ளோட்டத்தின் முடிவு கெட்டுவிடுமாம். சரிதான்.

ஒரு சந்தேகம். காலையில் புதைத்து மத்தியானம் தேடுவோம் என்று ஜனவரியில் எழுதினாயே, அது எப்போதும் அப்படித்தானா? ஒரு வெடி இருபது வருஷம் கிடந்து, மண் இறுகி, ஒரு வேர் அதைச் சுற்றி வளர்ந்திருந்தால் உன் வண்டிக்குத் தெரியுமா? மூன்றாம் தடம், பதினாலாவது மீட்டரில் ஒரு குத்துச்செடி இருக்கிறது. அதற்கு அடியில் வண்டி என்ன பார்த்தது என்று இதோடு அனுப்பும் கார்டில் பார்த்துச் சொல். சும்மாதான் கேட்கிறேன்.

செங்கல்காரம்மா வேலிக்கு அந்தப் பக்கம் கயிறு வைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு அளவு எடுத்துப் பழகுகிறாள்.

தங்கை

*

ஆராய்ச்சிக்கூடம்
ஏப்ரல் 8

அன்புள்ள குட்டிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை, கேள்வி மட்டும் அரைப் பக்கம்.

நீ சும்மா கேட்டதற்காக நான் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். பதினாலாவது மீட்டரில் ஒன்றும் இல்லை. வெடி என்ற சந்தேகத்துக்கு வண்டி போட்ட மதிப்பெண் நூற்றுக்கு மூன்று கூடத் தேறவில்லை. நல்ல இறுகிய மண், ஒரு வேர், அவ்வளவுதான். ஆமாம், எப்போதும் காலையில் புதைத்து மத்தியானம்தான் தேடுவோம். இருபது வருஷம் காத்திருந்து சோதனை செய்ய எனக்கு ஆயுசு இல்லை. பிளாஸ்டிக் என்றைக்கும் பிளாஸ்டிக்தானே, ரேடாருக்கு அதன் வயது எதற்கு?

எதற்காகக் குறிப்பாக அந்த இடத்தைக் கேட்டாய்? அந்தத் தடத்தில் இருபத்தேழு செடி இருக்கிறது, எண்ணினேன்.

சாயம் தீர்ந்துவிட்டது என்று இயக்குநருக்கும் செய்தி போயிருக்கிறது. மூன்று மாதம் ஓடிய திட்டம் ஒரு டப்பா சாயத்துக்கு நிற்கிறதா என்று என்னிடம் குதித்தார், நான்தான் சாயக்கடை வைத்திருப்பதுபோல. நம் குட்டி கஷ்டப்பட வேண்டாமே என்று நானே இரண்டு பெரிய டப்பா வாங்கி லாரியில் அனுப்பியிருக்கிறேன். நன்றி சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, சீக்கிரம் அடித்து முடி.

அப்பா உன் தனித்தாளை இரண்டு முறை படிக்கச் சொன்னார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அக்கா

*

ஆராய்ச்சிக்கூடம்
மே 2

அன்புள்ள குட்டிக்கு,

நீ சுகமா? மூன்று தண்ணீர் வண்டி வந்து போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அப்பாவுக்கு நானே ஒரு தனித்தாள் எழுதிப் படித்தேன். உன்னைப்போல எழுத வரவில்லை. ஸ்டோரில் எத்தனை மூட்டை என்று தப்பாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அப்பா போன மாதக் கணக்கைச் சொல்லித் திருத்தினார்.

இங்கே ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். உன் கேள்வியும் அந்த நாயும் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தன. முடிவைப் பிறகு எழுதுகிறேன்.

நான் அனுப்பிய சாயத்தை அடிக்க அவசரமில்லை. மெதுவாக அடித்தால் போதும். முடிந்தால் அடிக்கவே வேண்டாம். மூன்றாம் தடத்துக்குள் யாரும் போகாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள். ஏன் என்று இப்போது கேட்காதே.

உடனே ஒரு வரி எழுது. கால் கை நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுது.

அக்கா

*

முகாம்
மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

கால் கை நன்றாக இருக்கிறது. பத்து விரலும் இருக்கிறது, எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

உன் சாயம் உன் கடிதத்துக்கு முன்னால் வந்துவிட்டது. நான் இல்லாத நேரத்தில் மேற்பார்வையாளர் தன் கையால் டப்பாவைத் திறந்தார். ஒரே காலையில் எல்லாக் கல்லும் வெள்ளை. யாரைத் திட்டுவது? எங்கே இருந்தோ பாசம் பொங்கி லாரியில் வந்து இறங்குகிறது.

மே 30 விழா. அன்றைக்கே நிலம் கைமாறுகிறது. மனை எண்களுக்குச் சீட்டுப் போட்டார்கள். செங்கல்காரம்மாவுக்கு மூன்றாம் தடத்தின் ஓரம் விழுந்திருக்கிறது. அந்தக் குத்துச்செடி இருக்கும் இடத்தில்தான் வாசல் வைக்கப்போகிறாளாம். செடியை வெட்ட வேண்டாம், நிழலாக இருக்கும் என்று என்னிடம் யோசனை கேட்டாள். சாயம் அடித்த கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு என்ன தெரியும், ஏன் மெதுவாக அடிக்கச் சொன்னாய் என்று நீ எழுதவில்லை. எனக்கும் எழுத ஒன்று இருக்கிறது. எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். கண்ணிவெடி எடுக்க எனக்குக் கொடுத்த லைசென்ஸ் அட்டை எதிரே ஆணியில் தொங்குகிறது. என் வாழ்க்கையில் நான் பரீட்சை எழுதி வாங்கியது அது ஒன்றுதான்.

விடு. அப்பாவுக்குத் தனித்தாள் வைத்திருக்கிறேன். இடுப்புக்குத் தைலம் தடவு.

தங்கை

*

ஆராய்ச்சிக்கூடம்
மே 19

அன்புள்ள குட்டிக்கு,

நலமா என்று கேட்டுவிட்டு ஆற அமர எழுதும் நிலையில் நான் இல்லை. நேராகச் சொல்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சாப்பாட்டு வேளையில் மணல் தொட்டிக்குத் தனியாகப் போனேன். பத்துக் குழி தோண்டினேன். எதிலும் எதையும் வைக்கவில்லை. வெறும் குழியை மூடி, பலகையால் மட்டம் செய்து வண்டியை ஓட்டினேன். பத்தில் ஒன்பதுக்குக் கத்தியது. அதற்கு முன்பு சோதனை இல்லாததால் நாற்பது நாள் தொடாமல் விட்டிருந்த ஒரு மூலையில் மூன்று போலி வெடி கிடந்தது. அதன்மேல் ஓட்டினேன். ஒரு சத்தம் இல்லை.

உனக்குப் புரிந்திருக்கும். என் இயந்திரம் கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கவே இல்லை. அது நான் புதிதாகத் தோண்டிய மண்ணைக் கண்டுபிடித்தது. நான் சோம்பேறியாக இருந்து பழைய இடத்திலேயே விட்டிருந்தால் என்றைக்கோ மாட்டியிருப்போம். ஒவ்வொரு காலையும் இடுப்பொடியத் தோண்டித் தோண்டி, ஒன்பது வருஷமாகக் குழி பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எலி வளைக்குக் கத்தியது, நாய் தோண்டியதற்குக் கத்தியது. அதற்குத் தெரிந்ததை ஒழுங்காகச் செய்திருக்கிறது. பிப்ரவரியில் நீ எனக்கு விடையையே எழுதி அனுப்பினாய், நான் பள்ளிக்கூடத்து வருஷத்தை இழுத்தேன்.

இயக்குநரிடம் போனேன். சோதனைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விழா முடியட்டும்மா, அப்புறம் நிதானமா பேசிக்கலாம்" என்றார். விழா முடிந்தால் செங்கல்காரம்மா வாசல் வைப்பாள். நேற்று காலையில் நிலத்துக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு நானே எழுதி, என் கையெழுத்தோடு எல்லாத் தாளையும் அனுப்பிவிட்டேன். இனி இயக்குநர் என் கதவைத் தட்ட மாட்டார்.

இன்னொன்று. இருபத்தேழு செடியில் ஒன்றை மட்டும் சும்மா கேட்க மாட்டாய். பலகையைத் தாண்டி நீ உள்ளே போயிருக்கிறாய். கை வைத்துப் பார்த்திருக்கிறாய். நான் அதை எங்கேயும் எழுதவில்லை. நீயும் எழுதாதே, யாரிடமும் சொல்லாதே. என் கடிதம் ஒன்றே போதும், உன் லைசென்ஸ் உன்னிடமே இருக்கட்டும். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

அக்கா

*

முகாம்
மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும் சுகமாக இருக்க வேண்டும்.

மார்ச் 16 சாப்பாட்டு மணி அடித்தபோது நான் மட்டும் மூன்றாம் தடத்துக்குள் போனேன். தனியாகப் போகக் கூடாது, பலகையைத் தாண்டக் கூடாது, இரண்டும் தெரியும். மாப்பிள்ளை முதலில் எல்லாவற்றுக்கும் கத்திவிட்டுப் பிறகு ஒன்றுக்கும் கத்தாதது எனக்குப் பிடிக்கவில்லை. பதினாலாவது மீட்டரில் கைக் கருவி லேசாக முனகியது. பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டினேன். செடியின் வேர் அதை விரல்போலச் சுற்றிப் பிடித்திருந்தது. பச்சை பிளாஸ்டிக், சோப்பு டப்பா அளவு. மண்ணைப் பழையபடி மூடிவிட்டு வெளியே வந்து எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை.

சொன்னால் லைசென்ஸ் போகும். அதற்குப் பயந்தேன். உன் ஒன்பது வருஷமும் போகும் என்பது இரண்டாவதாகத்தான் வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதனால் சாயம் தீர்ந்தது என்று சொல்லி, டப்பாவை என் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். நாற்பத்திரண்டு குடும்பத்தின் உயிரை ஒரு சாய டப்பாவை நம்பி வைத்திருந்தேன், பார்த்துக்கொள். வாரம் போகப் போக அந்தக் கட்டிலில் படுக்கவே கூசியது.

இன்று காலை செங்கல்காரம்மா வேலியோரம் வந்து, வாசல் வைக்கும் இடத்தை ஒரு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடட்டுமா, வெள்ளை அடித்தாயிற்றே என்று கேட்டாள். அதற்கு மேல் முடியவில்லை. நேரே மேற்பார்வையாளரிடம் போய் அட்டையை மேசைமேல் வைத்தேன். "வாங்க, ஒண்ணு காட்டணும்" என்றேன். காட்டினேன். அவர் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மத்தியானம் அதே தடத்தில் இன்னும் இரண்டு கிடைத்தது.

அக்கா, உன் ஒன்பது வருஷத்தை நான் ஒரு கையால் தட்டிவிட்டேன். வயிற்றெரிச்சலில் செய்தேன் என்று நீ நினைத்தாலும் நினைக்கலாம். கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மண்ணுக்குள் கை வைத்தபோது அது நினைவில் இல்லை. உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீ இனிமேல் எழுதாவிட்டாலும் மெத்தையைத் திருப்பித் தர மாட்டேன்.

தங்கை

*

ஆராய்ச்சிக்கூடம்
ஜூன் 14

அன்புள்ள குட்டிக்கு,

நாங்கள் நலம். நீ நலம் என்று உன் கடிதத்திலிருந்து நானே வைத்துக்கொண்டேன்.

ஒரே தேதியில் இரண்டு பேரும் எழுதியிருக்கிறோம், கவனித்தாயா? உன் கடிதம் இங்கே வந்த அன்றுதான் என் கடிதம் அங்கே வந்திருக்கும். நீ ஒரு வாரம் பொறுத்திருந்தால் அட்டை உன்னிடமே இருந்திருக்கும். நான் ஒரு வாரம் முந்தியிருந்தாலும் இருந்திருக்கும். என் சோதனை முடிந்து மூன்று வாரம் இயக்குநரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன். அதையும் எழுதிவிட வேண்டும். யாரை நோவது? நம் வீட்டில் எல்லோருக்கும் வாய் கடைசியில்தான் திறக்கும்.

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். உன் தனித்தாளைப் படிக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "ஸ்டோர்ல மூட்டை எண்றவளுக்கு எதுக்கும்மா முழங்காலுக்கு மெத்தை?" என்றார். மெத்தை வாங்கிய நாளிலிருந்தே தெரியுமாம். பிறகு, "மத்த தாளையும் படி" என்றார். எல்லாவற்றையும் படித்தேன். அன்று மாத்திரையைத் தானே போட்டுக்கொண்டார்.

இங்கே விழா ரத்து. ஆறு பேர் இருந்த என் குழுவில் இப்போது நானும் ஒரு கம்ப்யூட்டர்காரரும். அறையை வாங்கிக்கொண்டு பழைய சாமான் போடும் இடத்தில் மேசை போட்டிருக்கிறார்கள். ஒன்பது வருஷத்தின் ஸ்கேன்கள் அத்தனையும் குப்பை. சில நாள் மேசையில் தலையை வைத்து அழுகிறேன், சில நாள் யாரையாவது அடிக்கலாம்போல இருக்கிறது. ஒரு நல்லது நடந்தது. அனுமதி அலுவலகம் என் கடிதத்தைப் படித்துவிட்டு, பழைய மண்ணில் சோதிக்காத எந்த இயந்திரத்தையும் நிலத்தில் இறக்கக் கூடாது என்று சொல்லி, கூடத்தின் பின்னால் ஒரு துண்டு நிலம் ஒதுக்க வைத்திருக்கிறது. போலி வெடிகளைப் புதைத்து, வேலி போட்டு, மூன்று வருஷம் யாரும் தொடக் கூடாது. மழை பெய்யட்டும், வேர் ஓடட்டும். பிறகுதான் வண்டி.

புதைக்கும் ஆள் நானாக இருக்கக் கூடாதாம். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவே கூடாதாம். படம் அவர்கள் பூட்டில் இருக்கும். மண்ணுக்குள் எப்படிக் கிடக்கும் என்று தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கு ஒருத்தியைத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். உனக்கு ஒரு வருஷம் தடை என்று கேள்விப்பட்டேன். வருகிறாயா? கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

அக்கா

*

முகாம்
ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அப்பாவிடம் இனித் தனித்தாள் கிடையாது என்று சொல். ஆறு வருஷம் மூட்டை எண்ணி எனக்கும் கை வலிக்கிறது.

மாப்பிள்ளையைப் பெட்டியில் போட்டு அனுப்பியாயிற்று. போகும்போதும் நாலு பேர்தான் தூக்கினார்கள். தையல்காரியைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்றாம் தடத்தைக் கையால் முதலிலிருந்து செய்கிறாள், இதுவரை ஐந்து எடுத்திருக்கிறாள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். அட்டை இல்லாதவர் நிற்கும் இடம் அதுதான்.

செங்கல்காரம்மா என்னோடு பேசுவதில்லை. உயிரைக் காப்பாற்றினேன் என்று அவள் கையைப் பிடிப்பாள் என நினைத்தாயா? இன்னும் இரண்டு மழைக்காலம் கூடாரத்தில் கிடக்க வேண்டும் அவள். "ரெண்டு மாசம் வாயத் திறக்காம என்னை அளவெடுக்க விட்டியே" என்று ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. இது எனக்கு ஆறாது.

நீ கேட்டதற்குப் பதில், வருகிறேன். அடுத்த தண்ணீர் வண்டியில் ஏறுகிறேன். நான் புதைக்கும்போது நீ ஜன்னலை மூடிவிட்டு உள்ளே இருக்க வேண்டும். எட்டிப் பார்த்தால் அன்றைக்கே திரும்பிவிடுவேன். சில இடத்தில் வெறும் குழி தோண்டி மூடுவேன். சில இடத்தில் நேற்று நட்ட செடி இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. எல்லாம் முடிந்து ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டாலும், மூன்று வருஷம் நீ எத்தனை தரம் கெஞ்சினாலும், எங்கே வைத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

இனி உன்னிடம் நான் மறைக்கப்போவது அது ஒன்றுதான்.

குட்டி